கொம்பனும் தொன்மாவும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



போர்வீரர்களும் டைனோசர்களும் எதிர்ப்படும் சாகசக் கதை என்றதும் இலக்கிய மன்றங்களில் ஒரு சிறு புன்னகை எழுவது வழக்கம். சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்றும், மேலைநாட்டுச் சரக்கு என்றும் இரண்டு முத்திரைகள் உடனே விழுந்துவிடுகின்றன. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவையும், 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் கைநடுக்கத்தோடு எடுத்துப் படித்து வளர்ந்த தலைமுறையே, பின்னாளில் கவிதை எழுதத் தொடங்கியதும் அவற்றைப் பரண்மேல் ஏற்றிவிட்டது. அந்த இரு முத்திரைகளும் சரிதானா என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் மேலைநாட்டு மரபைக் காண்போம். 'டைனோசர்' என்னும் பெயரை 1842இல் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர் சூட்டினார். பெயர் பிறந்து எழுபது ஆண்டுகள் கழிந்தபின், 1912இல் ஆர்தர் கோனன் டாயில் 'மறைந்த உலகம்' எனத் தக்க நாவலை எழுதி, தென்னமெரிக்க மேட்டுநிலம் ஒன்றில் அவ்விலங்குகளை உயிரோடு உலவவிட்டார். 1918இல், முதல் உலகப்போர் முடியும் முன்னரே, எட்கர் ரைஸ் பரோஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் போர்வீரர்களை அவ்விலங்குகளின் முன் நிறுத்தினார். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, பகைவர் இருதரப்பாரையும் சுமந்துகொண்டு, காலம் மறந்துபோன தீவொன்றை அடைகிறது. விலங்குகளின் அச்சத்தால் பகைவர்கள் சேர்ந்து கோட்டை கட்டுகிறார்கள். தீவில் எண்ணெய் கிடைத்துக் கப்பலுக்கு எரிபொருள் ஆயத்தமானதும் ஜெர்மானியர் உடன்பாட்டை முறித்து, கோட்டையைக் குண்டு வீசித் தாக்கிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

இக்கதையின் வலிமை எது என்பது வெளிப்படை. பழகிய உலகத்துக்குள் ஒரே ஒரு விந்தையை மட்டும் நுழையவிட்டு, மற்ற யாவற்றையும் மனித இயல்பின்படியே நடக்கவிடுவதுதான் அது. விலங்கைவிடக் கொடியது மனிதனின் வஞ்சம் என்னும் உண்மை அதனால் துலங்குகிறது. ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. அவ்விலங்குகளுக்கு ஒரு வழக்கு இல்லை. அவை வருகின்றன, உறுமுகின்றன, சுடப்படுகின்றன. தீவு யாருடையது, அதில் நுழைந்தவர் யார் என்று கேட்க அவற்றின் பக்கம் ஒரு நாவு இல்லை.

இனிக் கொங்கு மண்ணுக்கு வருவோம். வீரர்கள், ஒரு மாபெரும் விலங்கு, பழகிய வயல்வெளியில் நுழையும் ஒரு விந்தை ஆகிய மூன்றும் கூடிய கதை இங்கே உடுக்கை ஒலியோடு இரவு இரவாகப் பாடப்பட்டு வந்திருக்கிறது. அதுவே அண்ணன்மார் கதை. கவிஞர் சக்திக்கனல் அதனைப் பதிப்பித்து நூலாக்கினார். கனடிய மானுடவியல் அறிஞர் பிரெண்டா பெக், 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் அதனைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். அப்பதிவு 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சேறியது. பாடுவோர்க்குப் பாடுவோர் கதை வேறுபடும் என்றாலும் அதன் எலும்புக்கூடு ஒன்றே.

பொன்னரும் சங்கரும் காடு திருத்திக் கழனி கண்ட குடியின் வீரர்கள். அவர்களுக்கு எதிரில் நிற்போர் காட்டைத் தம் தாயகமாகக் கொண்ட வேட்டுவர்கள். வேட்டுவர் குலப்பெண்ணின் அரவணைப்பில் வளர்கிறது கொம்பன் என்னும் மாபெரும் பன்றி. அது கழனிகளை உழுது பாழாக்குகிறது, நீர்நிலைகளைச் சிதைக்கிறது. அவ்வாறு செய்யுமுன் அது எங்கிருந்து வந்தது, யாருடைய துயரத்தைச் சுமந்து வந்தது என்பதைப் பாட்டு சொல்லிவிடுகிறது. காட்டை ஏர் தின்றது. ஆகவே ஏரின் விளைவைக் காடு தின்ன வந்தது. உழுகுடியின் வீரர்களைப் போற்றும் பாட்டிலேயே மாற்றார் பக்கத்து நியாயம் இவ்வாறு இடம்பெற்றிருப்பது வியப்புக்குரியது. குலப்பெருமைக்கு மட்டும் இக்கதையை எடுத்தாள்வோர் முதலில் கைநழுவவிடுவது இந்தப் பகுதியைத்தான்.

வேட்டைப் பகுதியில் இன்னுமொரு நுட்பம் உண்டு. வாளும் வேலும் ஏந்திய படை புறப்படும்போது பொன்னாச்சி என்னும் சிறிய பெண்நாயை எவரும் பொருட்படுத்தவில்லை. அவமதிக்கப்பட்ட அந்நாயின் சினத்தால் வேட்டைக்குச் சென்ற வீரர்கள் நோயுற்றுச் சாய்கிறார்கள். பிழை உணர்ந்து அதனை வேண்டி அழைத்தபின்னரே வெற்றி கிட்டுகிறது. நாய் பன்றியைக் கவ்வி நிலைகுலையச் செய்ய, சங்கரின் வேல் அதனை வீழ்த்துகிறது. பெரிய விலங்கை வெல்வது பெரிய படையன்று, மறக்கப்பட்ட சிறிய உயிர் என்பதை அறிவுரையாகச் சொல்லாமல் நிகழ்ச்சியாகவே காட்டிவிடுகிறது பாட்டு.

கொம்பன் வீழ்ந்ததோடு கதை மங்களம் பாடி முடிவதில்லை. அக்கொலையே இறுதிப் போருக்கு வாயிலாகிறது. சங்கர் மடிகிறான், பொன்னரும் மடிகிறான். தங்கை அருக்காணித் தங்காள் அழுது தேடி வந்து, அவர்களைச் சிறிது பொழுது உயிர்ப்பித்துப் பேசுகிறாள். இன்றும் வீரப்பூரிலும் கொங்கு நாட்டின் அண்ணன்மார் கோயில்கள் பலவற்றிலும் நிகழும் படுகளச் சடங்கில், ஆடவர்கள் மாண்ட வீரர்களாகத் தரையில் சாய்ந்து கிடந்து, பின் எழுப்பப்படுகிறார்கள். சாகசக் கதையைக் கேட்டவர்கள் அக்கதையின் சாவையும் தம் உடம்பால் ஏற்றுக்கொள்ளும் மரபு இது. சிறுவர் பொழுதுபோக்கு என்னும் முத்திரை இங்கே தானாகவே உதிர்ந்துவிடுகிறது.

அப்படியாயின் டைனோசர் மேலைநாட்டுச் சரக்குதானே என்னும் கேள்வி எஞ்சுகிறது. அதற்கு விடை அரியலூரில் இருக்கிறது. கடல் சூழ்ந்து கிடந்த அந்நிலத்தின் பாறைகளில் தொன்மாக்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. கல்லமேடு என்னுமிடத்தில் கண்டெடுத்த எலும்புகளை ஆராய்ந்து, 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு அறிஞர்கள் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். பேருடலன் என்பது அதன் பொருள். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று வகுக்கப்பட்ட அவ்விலங்கு, பின்னர் நெடுங்கழுத்துடைய தழையுண்ணி என்று கருதப்பட்டது. அதனினும் உருக்கமான செய்தி, அவ்வெலும்புகள் பொடிந்து அழிந்துபோயின என்பது. 2022இல் வெளியான பழைய நிழற்படங்களே இன்று பெரும்பாலும் அதற்குச் சான்று. உலகின் மிகப்பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக எண்ணப்படுவது, தமிழ் மண்ணில் படுத்திருந்து, தமிழ் மண்ணிலேயே மீண்டும் மண்ணாகிவிட்டது. இதைவிடக் கவிஞனுக்கு வேண்டிய கரு வேறென்ன?

மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் வாழ்ந்ததில்லை. அவ்விலங்குகள் மறைந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைவெளியைக் கடப்பதே இவ்வகைக் கதைக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே விந்தை. அந்த ஒன்றைப் பெற்றுக்கொண்ட எழுத்தாளர், மற்ற யாவற்றிலும் நேர்மையாக இருத்தல் வேண்டும். சோழர் படையோ பாளையக்காரர் படையோ கல்லமேட்டில் பேருடலனை எதிர்கொள்வதாக எழுதலாம். எழுதுமுன் கொம்பன் கேட்கும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும். இந்நிலம் யாருடையது? இவ்விலங்கை வளர்த்த கை எது? படை புறப்படும்போது மறக்கப்பட்ட சிறிய உயிர் எது? இவற்றுக்கு விடையுள்ள கதையில், பரோஸின் தீவில் இல்லாத ஒன்று இருக்கும். விலங்கு வீழும்போது வாசகன் வெற்றி முழக்கம் செய்யமாட்டான். ஒரு கணம் தலைகுனிவான்.

இது ஏட்டுச் சிந்தனை மட்டுமன்று. கோபிசெட்டிபாளையத்தின் நெல்வயல்களைத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் வளப்படுத்துகின்றன. வடக்கே சத்தியமங்கலம் மலைக்காடு நிற்கிறது. 2013இல் அது புலிகள் காப்பகமாயிற்று. காட்டோரத்து உழவர்கள் இன்றும் இரவில் விழித்திருந்து காட்டுப்பன்றியை விரட்டுகிறார்கள். பறிபோன பயிருக்காக அழும் உழவனின் கண்ணீரும் உண்மை; இடம் சுருங்கிய விலங்கின் பசியும் உண்மை. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்துப் பாடிய உடுக்கடிக் கலைஞர்கள் அருகி வருகின்றனர். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டிய கடமை எழுதுவோருக்கு உண்டு.

இலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டில் அடியெடுத்து வைக்கிறது. இங்குள்ள இளங்கவிஞர் எவரேனும் வீரர்களையும் தொன்மாக்களையும் வைத்து ஒரு கதைப்பாட்டு இயற்றிக் கொணர்ந்தால், அவை புன்னகையோடு ஒதுக்காமல் செவி சாய்க்குமாக. பேருடலனின் எலும்பு பொடிந்துவிட்டது. கொம்பனுக்கு எலும்பே இல்லை. பாட்டில் வாழ்ந்ததால் அது இன்னும் வயலில் நடமாடுகிறது.