மைதானமும் ஓர் அமானத்

(நமது ஜமாஅத்தின் சிறுவர் கால்பந்து அணிக்குச் சீருடை வழங்கும் நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

 

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். இச்சீருடைகள் வக்ஃபு வருமானத்திலிருந்து வாங்கப்பட்டவை அல்ல. இதற்கென்றே சகோதரர்கள் மனமுவந்து தந்த நன்கொடையில் வாங்கப்பட்டவை. கால்சட்டைகளும் முழங்காலை மறைக்கும் அளவில் தைக்கப்பட்டுள்ளன. கொடுத்தவர்களின் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!

கால்பந்து நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. காயல்பட்டினத்தில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் நினைவாக அகில இந்தியக் கால்பந்துப் போட்டிகள் நெடுங்காலமாக நடந்து வந்திருப்பதை நாம் அறிவோம். ஆயினும், பந்து விளையாடுவது ஒன்று; பிள்ளைகளுக்குப் பயிற்சியளிப்பது மற்றொன்று. மக்தபில் பிள்ளைகள் நம் முன் அடக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். மைதானத்திலோ அவர்களின் உண்மையான குணம் வெளிப்படுகிறது. கோபமும் பொறாமையும் பொய்யும் அங்கே மறைந்திருப்பதில்லை. ஆகவே, அஸருக்குப் பின் ஒரு பிள்ளையைப் பயிற்சியாளரிடம் அனுப்பும் பெற்றோர், அவனுடைய தர்பியத்தில் ஒரு பகுதியை அவரிடம் ஒப்படைக்கிறார்கள். அது ஓர் அமானத். இந்த அமானத்தை நிறைவேற்றும் முறையை அண்ணலாரின் வாழ்விலிருந்தே சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, தகுதியறிந்து பயிற்சியளித்தல். நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பழக்கப்படுத்தி மெலிவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் விதா வரை எல்லை வகுத்தார்கள்; அது ஐந்து அல்லது ஆறு மைல். அவ்வாறு பழக்கப்படாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரே ஒரு மைல்தான். குதிரைக்கே இந்த அளவுகோல் என்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு எத்தகைய கவனம் வேண்டும்! பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். அதைச் சிறுவர்களுக்குக் கொடுக்காமல், அதனினும் சிறிய, எடை குறைந்த நான்காம் எண் பந்தைக் கொடுக்க வேண்டும். ஓடத் தொடங்குமுன் உடலைத் தயார் செய்யும் பயிற்சியையும் விட்டுவிடலாகாது. பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கென ஃபிஃபாவின் ஆதரவில் வகுக்கப்பட்ட ‘11+ கிட்ஸ்’ என்னும் தயார்ப் பயிற்சிக்கு இருபது நிமிடங்களே போதும். அதை முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது.

இரண்டாவது, நீதி. அஸ்லம் கூட்டத்தார் அம்பெய்து பயின்று கொண்டிருந்தபோது அவ்வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் ஓரணியின் பக்கம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மற்ற அணியினர் எய்வதை நிறுத்திவிட்டனர். தங்கள் எதிரணியில் நபியவர்கள் இருக்கத் தாங்கள் எவ்வாறு எய்வது என்பது அவர்களின் தயக்கம். அதையறிந்த பெருமானார், தாம் அவர்கள் எல்லோருடனும் இருப்பதாகக் கூறித் தொடரச் செய்தார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள இச்செய்தியைப் பயிற்சியாளர்கள் நெஞ்சில் பதிக்க வேண்டும். நிர்வாகியின் மகனும், மீன் வண்டி தள்ளுபவரின் மகனும் மைதானத்தில் சமமே. திறமை குறைந்தவன் என்பதற்காக ஒரு பிள்ளையை ஆண்டு முழுவதும் எல்லைக் கோட்டிற்கு வெளியே அமர்த்தி வைத்தால், அவன் நாளடைவில் வராமலே போய்விடுவான். அவன் வேறு எங்கே போய்ச் சேர்கிறான் என்பதை நம் தெருக்களில் போதைப் பொருளின் கேட்டைக் கண்டுவரும் நாம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நாவடக்கம். அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலிருந்து பத்தாண்டுகள் நாயகத்திற்குப் பணிவிடை செய்தார்கள். அக்காலத்தில் ஒருமுறைகூட நாயகம் (ஸல்) தம்மைச் சீ என்றதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். கோலைத் தவறவிட்ட பிள்ளையைப் பலர் முன்னிலையில் ஏசுவதால் அவன் கால் திருந்தாது, மனந்தான் உடையும். தவறைத் தனியே அழைத்துக் காட்டுங்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்று கூச்சலிடும் தந்தைமார்களுக்கும் இதனையே கூறுகிறோம்.

நான்காவது, உண்மை. இது குறித்துச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. சென்ற ஆண்டு ஒரு போட்டியில் எதிரணியினர் வயது கூடியவர்களை இறக்கியதாகக் கூறி, நாமும் பதினேழு வயது இளைஞர் இருவரைச் சான்றிதழ் திருத்திச் சேர்க்கலாம் என்று நம்மவர் சிலர் யோசனை கூறினர். நம் பயிற்சியாளர் மறுத்துவிட்டார். மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம். சிலருக்கு அவர் மீது இன்னும் வருத்தம் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் உஹதுப் போருக்குத் தம்மை முன்வைத்தபோது வயது பதினான்கு. நாயகம் (ஸல்) அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது வயது பதினைந்து, அனுமதித்தார்கள். வீரர்கள் தேவைப்பட்ட போர்க்களத்திலேயே வயது பேணப்பட்டது. ஒரு கோப்பைக்காக நாம் பொய்ச் சான்று கொடுத்தால், அந்தப் பதினான்கு பதினைந்து பிள்ளைகளும் நம்மிடம் கற்றுக்கொள்வது என்ன? ஜமாஅத்தின் பெயரால் பொய் சொல்லலாம் என்பதைத்தானே! அன்று தோற்று வந்த அணியை நாம் பெருமையுடன் வரவேற்கிறோம். இனியும் அவ்வாறே நடக்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஐந்தாவது, பொறுமை. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவனைவிடக் கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்பது அண்ணலாரின் போதனை. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜிடான் போன்ற மாபெரும் ஆட்டக்காரர் ஒரு சொல்லுக்குச் சினந்து எதிரணி வீரரைத் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பிரான்ஸ் பெனால்டி உதைகளில் தோற்றது. பல்லாண்டுத் திறமையை ஒரு நொடிக் கோபம் மறைத்துவிட்டது. பிள்ளைகளே, எதிரணியினர் ஏசினாலும், நடுவர் தவறிழைத்தாலும் நீங்கள் நாவையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, தொழுகை. மஃரிப் பாங்கிற்குக் கால் மணி நேரம் முன்பே பந்து பைக்குள் சென்றுவிட வேண்டும். ஒளூச் செய்து, பயிற்சியாளரும் பிள்ளைகளும் ஒரே ஸஃப்பில் நின்றால், அன்றைய பயிற்சி நிறைவுற்றது எனலாம்.

நாயகத்தின் அள்பா என்னும் ஒட்டகம் முந்தப்படாததாக இருந்தது. ஒரு நாள் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்தியது. ஸஹாபாக்கள் மனம் வருந்தினர். உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று பெருமானார் தேற்றினார்கள். எனவே கோப்பை வரும், போகும். நம் பிள்ளைகளின் ஒழுக்கம் நம்மிடம் நிலைக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் நற்குணத்தையும் தந்தருள்வாயாக! அவர்களைப் பயிற்றுவிப்போருக்கு நீதியையும் பொறுமையையும் வழங்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.