அறையும் ஒரு வாத்தியம்தான்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க, பசங்களுக்குப் பயன்படற மாதிரி இருக்கட்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அரசியல், ஆன்மிகம் எல்லாம் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் என் வீட்டு ஸ்பீக்கரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய ஒரு பாடம், என் மரமண்டைக்குள் இறங்கியது காணையில் என் வீட்டுக் கூடத்தில்தான்.

1996-இல் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்டோம். கூடம் 12-க்கு 12 அடி, உயரம் 10 அடி. வழவழவென்று பூசிய சுவர், சிமெண்டுத் தரை. புது வீட்டுக்கு அழகு வேண்டாமா? இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஸ்டீரியோ செட் ஒன்று வாங்கி, பிள்ளைகள் கைபடாமல் இருக்கட்டும் என்று கூரையை ஒட்டிய சிலாப்பில், மூலைக்கு ஒன்றாக ஏற்றி வைத்தேன். 'டம் டம்' என்று அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. காலையில் வானொலிச் செய்தி கேட்காமல் அவர்களுக்குப் பொழுது விடியாது. "ஏம்பா, கெணத்துக்குள்ள உக்காந்து பேசறாப்புல இருக்குது. பழைய வீட்டுல அந்தச் சின்ன ரேடியோவே நல்லா கேட்டுச்சே" என்றார்கள். நான் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் புரியவில்லை என்றார்கள். ஒரு நாள் பொறுமை இழந்து, "உனக்குக் காது போயிடுச்சும்மா, செட்டு மேல பழி போடாத" என்று கத்திவிட்டேன். அதன்பிறகு அவர்கள் செய்தி கேட்பதையே விட்டுவிட்டார்கள். செட்டைப் போட்டால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். உள் அறையில் இருந்த மெத்தை, தலையணை, துணி மூட்டை எல்லாம் கூடத்தில் குவிந்தன. சுண்ணாம்பு படக்கூடாதே என்று ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கி, இரண்டு முக்காலி மேல் கூடத்தின் நடுப்பக்கமாக வைத்திருந்தேன். வேலைக்காரர்கள் ரேடியோவைப் போட்டார்கள். அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இப்ப நல்லா வெளங்குதே, ரிப்பேர் பண்ணியா?" என்றார்கள்.

நான் எதையும் ரிப்பேர் செய்யவில்லை. அதே செட்டு, அதே காது. இடம்தான் மாறியிருந்தது.

அன்று இரவு பழைய பாடநோட்டைத் தேடி எடுத்தேன். நம் ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டி, தண்ணீர்க் குழாயின் வாயருகே பிடித்து, ஒலி திடீரென்று பெருகும் நீளத்தைக் குறித்தோமே, நினைவிருக்கிறதா? அறையும் அப்படி ஒரு குழாய்தான், இரு முனையும் அடைத்த குழாய். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர். அந்த இரு சுவர்களுக்கு இடையே காற்று இயல்பாக அதிர்வது விநாடிக்குச் சுமார் 48 தடவை; அதன் அடுத்த படி 96. செய்தி வாசிக்கும் ஆண்குரலின் அடித்தொனி ஏறக்குறைய 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். என் கூடமோ சதுரம். நீளமும் அகலமும் ஒரே தொனியைச் சேர்ந்து தூக்கின. போதாக்குறைக்கு ஸ்பீக்கர்கள் மூலையில். அறையின் எல்லா அதிர்வுகளையும் பலமாகக் கிளப்பிவிடும் இடம் மூலைதான். மேலே பூச்சுச் சுவரும் தளமும் ஒலியை விழுங்காமல் திருப்பித் திருப்பி அடிக்க, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் விழுந்தது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடத்தானே செய்யும்?

சரி, என்ன செய்யலாம்? காசு செலவில்லாத சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது முக்கோணம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் 6 அடி என்றால், நீங்கள் உட்காரும் இடமும் ஒவ்வொன்றிலிருந்தும் 6 அடி. இரண்டும் உங்களைப் பார்த்துச் சற்றே திரும்பியிருக்கட்டும். 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் புளும்லைன் என்ற பொறியாளர் இரட்டை ஒலிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1942-இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து, 38 வயதிலேயே இறந்துபோனார். வீட்டுக்கு ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாக வந்தது 1958-இல்தான். நம் பக்கம், இளையராஜா இசையில் 1978-இல் வந்த 'பிரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. சரியான முக்கோணத்தில் உட்கார்ந்து அவற்றைக் கேளுங்கள். ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்தில் பாடகர் நிற்பார். அரை அடி தூரம் ஒரு பக்கத்தை நெருங்கினாலும், அந்தப் பக்கத்து ஒலி அரை மில்லி விநாடிக்குக் கிட்ட முந்தி வந்துவிடும். பாடகரும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

இரண்டாவது சுவர். பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி, இரண்டு அடி தள்ளி வையுங்கள். மூலை வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அரை அடியாக நகர்த்தி, பழகிய குரல் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது உயரம். கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர் காதுமட்டத்தில் இருக்க வேண்டும். புத்தகத்தில் சோபாவுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். நம் வீட்டில் பெரியவர்கள் பாயில் உட்காருவார்கள். அவர்கள் காதுக்குத் தக்கபடி தாழ்த்துங்கள், அல்லது முன்பக்கம் சாயுங்கள்.

நான்காவது கண்ணாடி. ஒருவர் பக்கச்சுவரில் முகம்பார்க்கும் கண்ணாடியை நகர்த்த, நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்புகிறது. அங்கே கனமான ஜமக்காளமோ, புத்தக அலமாரியோ, துணி தொங்கும் கொடியோ இருந்தால் போதும். கோரைப்பாய் அழகுக்குச் சரி. ஒலியை அவ்வளவாக விழுங்காது.

ஐந்தாவது சிவப்பு, கறுப்பு ஒயர். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தவில் செத்துப்போகும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. 'கர்ர்' என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கரைப் பிரிக்குமுன் அலமாரியில் எவர்சில்வர் தட்டு அதிர்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி ஒரு டம்ளர்!

அம்மாவைக் காது டாக்டரிடமும் காட்டினேன். வயதுக்குத் தக்க குறைவு இருந்தது உண்மைதான். முதுமையில் முதலில் மங்குவது கீச்சொலி. 'ச', 'த', 'ப' என்று சொல்லைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகள் அதில்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட காதுக்கு எதிரொலி இரட்டைத் தண்டனை. எனக்கு 'டம் டம்' ஆக இருந்தது அவர்களுக்குச் சுவராக நின்றது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாய்விட்டேன்.

ஸ்பீக்கர் முக்காலியிலேயே தங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் "என்னங்க, வழியில வெச்சிருக்கீங்க" என்பார்கள். அம்மா பதில் சொல்லிவிடுவார்கள்: "அது எனக்காக வெச்சது." கடைசி வரைக்கும் தினமும் செய்தி கேட்டார்கள்.

தம்பி தங்கைகளே, இன்று உங்கள் கையில் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. கருவி மாறலாம். சுவர் அதே சுவர், காற்று அதே காற்று. வீட்டில் யாராவது "சரியா கேக்கல" என்றால், அவர் காதைக் குறை சொல்லுமுன் எழுந்து போய் ஸ்பீக்கரை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். எங்கள் பேராசிரியர்களுக்கும் இந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு விண்ணப்பம்: கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பாடம் விளங்காமல் போனதற்கு, அந்த வகுப்பறைச் சுவர்களும் ஓரளவு காரணமாக இருந்திருக்கலாம். மீதி எங்கள் பங்கு.