கோதுமை புகாத குசினி

(எமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி அன்னையின் பெருமைகளைச் சொல்ல இந்த மேடையில் தகுதியுள்ள பலர் இருக்கிறார்கள். எங்களிடம் வீட்டோடும் சமையலோடும் தொடர்பான ஒன்றைப் பேசும்படி கேட்டார்கள். ஆகவே சீலியாக் என்ற நோயைப் பற்றியும், அந்த நோயுள்ள ஒருவர் இருக்கும் வீட்டின் குசினியைப் பற்றியும் பேச விரும்புகிறோம். எங்கள் மகளுக்கு இந்நோய் உறுதியாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இதனை நாங்கள் படித்த அளவுக்குச் சமைத்தும் அறிந்திருக்கிறோம்.

கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதை உண்ணும்போது அவருடைய உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் போன்ற சடைமுளைகள் தேய்ந்து போகின்றன. உண்ட உணவின் சத்து உடலில் சேராது. இது ஒவ்வாமை அன்று. கிருமியால் வருவதும் அன்று. பரம்பரையில் வரும் இயல்பு இதற்கு அடிப்படை. உலகளவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணிக்கிறார்கள். பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று.

இதற்குக் காரணம் கோதுமை என்று காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. போருக்கு முன்பே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டில் பாண் கிடைக்காமற் போனது. எல்லோரும் மெலிந்த காலத்தில் இந்நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தமது ஆய்வை வெளியிட்டார். பாண் வரிசையிலும் நிவாரண மாவுக்கான வரிசையிலும் நின்ற தலைமுறையைச் சேர்ந்த எங்களுக்கு இந்தக் கதை மனதில் நிற்கிறது.

“நாங்கள் சோறு தின்னும் சனம், எங்களுக்கு ஏன் இது வரப்போகிறது?” என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் கோதுமை உண்ணும் வடபகுதியில் இது அதிகம், சோறு உண்ணும் தென்பகுதியில் குறைவு என்பது உண்மை. ஆனால் இந்நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு தென்பகுதி மக்களிடமும் வடக்கில் உள்ள அளவுக்கு நெருக்கமாகவே இருக்கிறது. வேறுபாடு பெரிதும் தட்டில்தான். எங்கள் தட்டும் மாறிவிட்டது. இலங்கையில் விளையாத கோதுமை எங்கள் பிட்டுக்குள்ளும் இடியப்பத்துக்குள்ளும் தோசைக்குள்ளும் புகுந்து பல காலமாகிவிட்டது. புலம்பெயர்ந்த பிள்ளைகளோ காலையில் பாண், மதியம் சான்ட்விச், இரவில் பாஸ்தா என்று வளர்கிறார்கள்.

சகோதரிகளே, இதைப் பெண்கள் கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. வயிற்றோட்டமும் வயிற்று ஊதலும் மட்டும் இந்நோயின் குறிகள் அல்ல. பலருக்கு வயிற்றில் ஒரு முறைப்பாடும் இராது. தீராத இரத்தச்சோகை, ஓயாத களைப்பு, அடிக்கடி வரும் வாய்ப்புண், கருத்தங்காமை, கருச்சிதைவு, வயதுக்கு முந்திய எலும்புத் தேய்வு, பிள்ளைகளில் வளர்ச்சி குன்றுதல் என்று அது வேறு முகங்களோடு வரும். இவற்றுள் எத்தனையை நாங்கள் “பொம்பிளைகளுக்கு இருக்கிறதுதானே” என்று தள்ளிவிடுகிறோம்! எங்கள் மகள் மூன்று ஆண்டுகள் இரும்புக் குளிசை விழுங்கினாள். “மாதவிடாயால்தான் இரத்தம் குறைகிறது, கீரை சாப்பிடுங்கோ” என்றே எங்களுக்குச் சொல்லப்பட்டது. பின்னர் வந்த ஒரு வைத்தியர் இரும்பு ஏன் உடம்பில் சேரவில்லை என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் வழியைத் திறந்தது.

பரிசோதனையின் முதற்படி இரத்தத்தில். தேவைப்பட்டால் குழாய்க் கமரா மூலம் சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐயம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமற் போகலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரங்களாவது நாளாந்தம் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவு உண்டிருக்க வேண்டும் என்பது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல். முதலில் பரிசோதனை, பிறகே பத்தியம்.

நோய் உறுதியானால் மருந்து ஒன்றே: வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குதல். “கொஞ்சம் தின்றால் ஒன்றும் செய்யாது” என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. பாண்துகள் ஒட்டிய கத்தியால் பட்டர் எடுத்தாலும் தீங்குதான்.

இனிக் குசினிக்கு வருவோம். வெளிப்படையான கோதுமையை விலக்குவது இலகு. பாண், பணிஸ், றோல்ஸ், பற்றிஸ், றவை, சேமியா எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மறைந்திருப்பதுதான் சோதனை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும். வழமையான சோயா சோஸ் கோதுமை சேர்த்தே செய்யப்படுகிறது. ஹோர்லிக்ஸில் கோதுமையும் வாற்கோதுமை மோல்ற்றும் உண்டு. மாமைற்றும் ஆகாது. கட்லற்றின் மேல் ரஸ்க் தூள்; தட்டை வடையில் உழுந்தோடு கோதுமை மா. உழுந்து வடை நல்லதே, ஆனால் றோல்ஸ் பொரித்த அதே எண்ணெயில் பொரித்தால் அதுவும் கெட்டது. குரக்கன் மாவும் அரிசி மாவும் இயல்பில் நல்லவை. எனினும் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்திருந்தால் உதவாது. பொதியின் எழுத்தை ஒவ்வொரு முறையும் வாசிப்பதே வழி.

அடுத்தது பாத்திரம். எவர்சில்வர்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவலாம். பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியை என்ன செய்வது? கோதுமைப் பிட்டு அவித்த பெட்டியின் இழைகளுக்குள் மா தங்கிவிடும். இடியப்பத் தட்டு, சுளகு, மா அரிக்கும் அரிதட்டு, மர அகப்பை, பாண் வாட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் இதே கதை. இவற்றில் புதிதாக ஒன்றை வாங்கி, சிவப்பு நூல் கட்டித் தனியாக வைத்தோம். வீட்டில் கோதுமை மா அரிப்பதையும் நிறுத்தினோம், ஏனெனில் அந்தத் தூள் காற்றில் பறந்து எங்கும் படியும்.

சமையலில் நாங்கள் இழந்தது குறைவு என்றே சொல்வோம். பிட்டுக்கு இரண்டு கப் வறுத்த சிவப்பரிசி மாவில் உப்பிட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுங்கள். பத்து நிமிடம் மூடி வைத்தபின் கொத்தி, ஒரு கப் தேங்காய்ப்பூ கலந்து அவியுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மா நீரைக் குடித்துக்கொள்ளும். கோதுமை மா கலக்காமலே பிட்டு மெதுமையாக வரும். இடியப்பத்துக்கு நன்கு கொதித்த நீர் வேண்டும். ஆறிய நீரில் குழைத்தால் இழை அறும். தோசைக்கு ஒரு பங்கு உழுந்து, மூன்று பங்கு பச்சையரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊறவைத்து அரைத்து இரவு புளிக்க விடுங்கள். குளிர் நாடுகளில் விளக்கு மட்டும் எரியும் அவண் அதற்கு நல்ல இடம். குரக்கன் மாவில் தேங்காய்ப்பூவும் கொதிநீரும் சேர்த்து ரொட்டி தட்டலாம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு; எலும்பு தேய்ந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். கேக்கில் றவைக்குப் பதிலாக அரிசியை வறுத்துக் குருணலாக உடைத்துப் போடுகிறோம்.

ஒடியல் மாவை மறக்கலாமா? ஒடியற் பிட்டும் கூழும் கோதுமை அறியாத பண்டங்கள். எங்கள் அம்மம்மாமார் வறுமைக்குச் சமைத்தது என்று நாங்கள் ஒதுக்கிய உணவே இன்று எங்கள் மகளுக்கு மருந்தாகியிருக்கிறது. ரொறொன்ரோவில் பிறந்த அவள், தன் தோழிகளை அழைத்துக் கூழ் காய்ச்சிக் கொடுக்கிறாள்.

வெளிநாடுகளில் வாழ்வோருக்குச் சில வார்த்தைகள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுதுவதற்கு உணவில் ஒரு மில்லியன் பங்குக்கு 20 பங்குக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அவுஸ்திரேலியாவில் விதி இன்னும் கடுமை: கண்டறியக்கூடிய அளவே இருக்கக் கூடாது, ஓட்ஸுக்கும் அந்தப் பெயர் இடமுடியாது. கனடாவில் சாதாரண உணவைவிட இத்தகைய உணவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை வைத்தியரின் கடிதத்தோடு வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

ஆனால் சகோதரிகளே, இந்நோயில் மிகக் கடினமானது மாவும் பாத்திரமும் அல்ல. எங்கள் பண்பாட்டில் அன்பைச் சாப்பாட்டால்தான் காட்டுகிறோம். வீட்டுக்கு வந்தவர் கை நனைக்காமற் போனால் மனம் புண்படுகிறோம். இந்நோயுள்ள ஒரு பிள்ளை கலியாண வீட்டிலும் பிறந்தநாளிலும் கோயிலிலும் “வேண்டாம் அன்ரி” என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேசரியும் கோதுமை கலந்த மோதகமும் அவளுக்குப் பிரசாதமாகா. நற்கருணை அப்பமும் கோதுமையே. குளூட்டனை மிகக் குறைத்துச் செய்த அப்பம் உண்டு, குருவானவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். “எடுப்பு”, “கள்ளப் பத்தியம்” என்ற சொற்கள் அந்தப் பிள்ளையின் காதில் விழுகின்றன. சில பிள்ளைகள் அந்தச் சொல்லுக்குப் பயந்து ஒரு துண்டு கேக்கை வாங்கி உண்டுவிடுகிறார்கள். சிலர் விழாக்களுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். முன்னையது குடலைக் கெடுக்கிறது. பின்னையது எங்கள் பிள்ளையை எங்களிடமிருந்து பிரிக்கிறது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். வேண்டாம் என்பவரை ஒருமுறைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் தீராத இரத்தச்சோகை உள்ள பெண் இருந்தால், இந்த இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கள். மூன்றாவது எங்கள் சங்கத்துக்கு: கொழும்பிலோ லண்டனிலோ மெல்பேணிலோ எங்கே ஒன்றுகூடினாலும், விருந்தில் ஒரு மேசையைக் கோதுமை படாமல் தனியாக வைப்போம். தனிக் கரண்டி, தனிப் பாத்திரம், முதலில் பரிமாறல். சோறும் பருப்பும் மரக்கறியும் போதும், செலவு அதிகமில்லை.

ஒரே மணி அடித்ததும் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து, ஒருவர் பெட்டியில் மற்றவர் கை வைத்து உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அடுத்த நூற்றாண்டிலும் எங்கள் பந்தியில் எந்தப் பிள்ளையும் வெறுந்தட்டோடு இருக்காதிருக்கட்டும்.