பருவத்தோடு வரும் ஒவ்வாமையும் நம் கடமையும்
(படவேட்டில் நடைபெற்ற ஊர்க் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நதியின் கரையில் அமைந்த இப்படவேடு ஒருகாலத்தில் சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கியது. இன்று ரேணுகாம்பாளை வணங்க ஆடி மாதத்தில் திரள் திரளாக மக்கள் வருகின்றனர். சுற்றிலும் வாழையும் நெல்லும் செழிக்கின்றன. அருகிலுள்ள ஆரணியைச் சார்ந்து பல குடும்பங்கள் பட்டுத் தறியால் வாழ்கின்றன. இத்தகைய ஊரில் சாலை, குடிநீர், பள்ளி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே எம் போன்றோரின் வழக்கம். இன்று தும்மலைப் பற்றிப் பேச வந்துள்ளோம். சிலர் நகைக்கலாம். தும்மலால் ஊர் கெட்டுவிடுமா என்று கேட்கலாம். ஆனால் ஆண்டுதோறும் அதே மாதத்தில் ஒருவர் இரவெல்லாம் உறங்காது இரைத்துக் கிடப்பாரானால், அவர் வீட்டில் தறி நிற்கிறது. வயலில் ஓர் ஆள் குறைகிறது. பிள்ளை பள்ளிக்குச் செல்வது தடைப்படுகிறது. ஆதலின் இதுவும் கிராம முன்னேற்றத்தைச் சார்ந்த செய்தியே.

ஒவ்வாமை என்பது யாது? உடலுக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைப் பகையென்று கருதி, உடல் தானே போர் தொடுப்பதுதான் ஒவ்வாமை. பூந்தாது, பூஞ்சை, தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பட்டுத் தூசு ஆகியவை இப்பொருள்களிற் சில. இங்கிலாந்தில் ஜான் போஸ்டாக் என்ற மருத்துவர் கோடைதோறும் தமக்கு வந்த இந்நோயை 1819இல் எழுதி வைத்தார். அதற்குப் பூந்தாதுவே காரணம் என்பதைச் சார்லஸ் பிளாக்லி தம் உடம்பிலேயே சோதித்து 1873இல் வெளியிட்டார். உடலில் ஹிஸ்டமின் என்ற பொருள் சுரப்பதால் தும்மலும் அரிப்பும் நீரொழுக்கும் உண்டாகின்றன. அதைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்த டேனியல் போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார்.

சளிக் காய்ச்சலையும் ஒவ்வாமையையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். சளி ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். உடல் வலியும் காய்ச்சலும் உடன் வரும். ஒவ்வாமையிலோ காய்ச்சல் இராது. மூக்கும் கண்ணும் அரிக்கும். தெளிந்த நீராக ஒழுகும். விடியற்காலையில் தொடர்ந்து தும்மல் வரும். அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் திரும்பும். இதற்கு ஓர் எளிய வழி சொல்கிறோம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில், தும்மலும் இரைப்பும் கண்ட நாள்களில் ஒரு கோடு இடுங்கள். அன்று களத்தில் நெல் அடித்தீர்களா, பழைய நூல் மூட்டையைப் பிரித்தீர்களா என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள். ஓராண்டு கழிந்தபின் அந்நாட்காட்டியை டாக்டரிடம் காட்டினால், பாதி நோயை அதுவே சொல்லிவிடும். ஆனால் ஒன்றை மறவாதீர். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் ஒவ்வாமை என்று தாமே முடிவு செய்யாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் காசநோய்ச் சோதனைக்குக் கொடுத்தாக வேண்டும்.

நம் பகுதியில் ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு காரணம் உண்டு. மாசி, பங்குனியில் மரங்கள் பூக்கின்றன. அவற்றுள் சீமைக் கருவேலத்தின் பூந்தாது பலருக்கு ஒவ்வாதது. ஆடி தொடங்கி மழை விழுந்ததும் புல்லும் பார்த்தீனியமும் தழைக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஈரமாகிப் பூஞ்சை படர்கிறது. குழித்தறியில் கால் வைத்து நெய்வோர் இதை நன்கு அறிவர். மார்கழி, தையில் பனியும், அறுவடைத் தூசும், போகியன்று எரிக்கும் குப்பையின் புகையும் ஒன்றுகூடுகின்றன.

நெசவாளர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கச்சாப் பட்டு நூலின்மேல் செரிசின் என்ற இயற்கைப் பசை பூசப்பட்டிருக்கிறது. நூலை முறுக்கும்போதும் தார் சுற்றும்போதும் நுண்ணிய தூசு எழுகிறது. பட்டுத் தொழிலில் ஈடுபட்டோருக்கு இரைப்பு நோய் உண்டாவதைக் கர்நாடகத்தின் பட்டு நூற்பு ஊர்களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களுமே. அவர்கள் மூக்கை மூடித் துணி கட்டுதல், சன்னலைத் திறந்து வைத்தல், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத் துணியால் துடைத்தல், அடுப்புப் புகையை நெசவறைக்குள் விடாதிருத்தல் ஆகியவை செலவில்லாத காப்புகள். விடுமுறை நாளில் நலமாயிருந்து, தறிக்கு வந்ததும் இரைப்பு வருமானால், அச்செய்தியை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

இனி மருந்துகளைப் பற்றிக் கூறுவோம். செட்டிரிசின், லோரடடின் போன்ற மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் அடக்குகின்றன. பழைய வகையான குளோர்பெனிரமைன் மிகுந்த உறக்கம் தரும். செட்டிரிசினும் சிலருக்கு உறக்கம் தரும். அவற்றை உட்கொண்டு விசைத்தறி ஓட்டுவதோ, டிராக்டர் ஓட்டுவதோ, கிணற்று ஓரத்தில் வேலை செய்வதோ ஆபத்து. இரவில் உட்கொள்வது நலம். மூக்கடைப்பே பெருந்தொல்லையாக இருப்போருக்கு டாக்டர்கள் ஸ்டீராய்டு கலந்த மூக்குத் தெளிப்பானை எழுதித் தருவர். அது ஒரே நாளில் பலன் தராது. சில நாள் விடாது பயன்படுத்தினால்தான் குணம் தெரியும். உடனே அடைப்பை நீக்கும் சொட்டு மருந்தோ இதற்கு மாறானது. ஐந்து நாளைக்குமேல் அதைத் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மிகும்.

இழுப்பு உள்ளோர் உறிஞ்சு மருந்தை, அதாவது இன்ஹேலரை, அஞ்சுகின்றனர். ஒருமுறை தொட்டால் விடாது என்கின்றனர். இது தவறு. மாத்திரையைவிட மிகச் சிறிய அளவில், வேண்டிய இடமாகிய நுரையீரலுக்கே நேராகச் செல்லும் மருந்து அது. உண்மையில் அஞ்ச வேண்டியது, பெயர் தெரியாத பொட்டலத்தில் 'செட்' என்று கடையில் கட்டித் தரும் மாத்திரைகளையே. அவற்றுள் ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் இரண்டு நாளில் அற்புதமாகக் குணம் தெரியும். அதனால்தான் மீண்டும் மீண்டும் வாங்குகிறோம். மாதக்கணக்கில் உட்கொண்டால் சர்க்கரை நோய், எலும்பு தேய்வு, கண்புரை ஆகியவை வரக்கூடும். நெடுநாள் உட்கொண்டோர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். முகவரியில்லாத 'மூலிகைச் சூரணமும்' இவ்வாறே ஐயத்திற்குரியது.

அப்படியாயின் நம் கைவைத்தியம் வீணா? அன்று. நம் வேலியில் வளரும் ஆடாதோடையில் வாசிசின் என்ற பொருள் உண்டு. அதிலிருந்து வழி கண்டே சளியைக் கரைக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவாயிற்று. இன்று உலகெங்கும் விற்கும் மருந்துக்கு நம் வேலிச் செடி தாயாக இருப்பது நமக்குப் பெருமை. எனினும் கருவுற்ற தாய்மார் ஆடாதோடையைத் தொடலாகாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. துளசியும் தூதுவளையும் மிளகுப் பாலும் தொண்டைக்கு இதம் தருபவை, அளவாக உட்கொள்ளலாம். ஆனால் மூச்சுத் திணறும் வேளையில் அவற்றை நம்பிக் காத்திருத்தல் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. கற்பூரத்தைக் குழந்தையின் மூக்கில் வைப்பதும் கேடு. ஆவி பிடிக்கும்போது கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு. சிறுவர்க்கு அது வேண்டாம்.

வீட்டு முறைகளில் டாக்டர்களும் ஒப்புக்கொள்வது உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு போதும். நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். குளத்து நீரையோ குழாய் நீரையோ அப்படியே மூக்கில் ஏற்றினால் அமீபா மூளைக்குச் செல்லக்கூடும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் இந்நோயால் உயிர்கள் பறிபோனதை நாம் அறிவோம்.

இப்போது, இக்கூட்டத்தைக் கூட்டிய காரணத்திற்கு வருகிறோம். அது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திற்குரிய இச்செடி, 1950களின் நடுவில் புனேயில் முதன்முதல் கவனிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். இதன் பூந்தாது தும்மலையும் இரைப்பையும் தரும். இதிலுள்ள பார்த்தினின் என்ற பொருள் தோலில் பட்டால் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். ஒருமுறை உடல் பகைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் அது திரும்பும்.

இதை நாம் நூலில் மட்டும் படிக்கவில்லை. சில ஆண்டுகட்கு முன் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றியபோது, சாலையோரத்துப் பார்த்தீனியத்தை அகற்ற வேலைத் திட்டத்தின்கீழ் பெண்களை ஏவினோம். செடி பூத்துக் குலுங்கிய வேளை அது. கையுறை கேட்டு எழுதவில்லை. எவருக்கு முன்பே தடிப்பு உண்டு என்றும் கேட்கவில்லை. மூன்று நாளில் சாலை தூய்மையாயிற்று. 'பணி முடிந்தது' என்று கோப்பில் எழுதிக் கையொப்பமிட்டோம். அடுத்த ஆண்டு ஆய்வுக்குச் சென்றபோது ஓர் அம்மையார் எதிரில் வந்து நின்றார். முகமும் கழுத்தும் கறுத்துத் தடித்திருந்தன. வெயிலில் நிற்க முடியாமல் களையெடுக்கச் செல்வதை விட்டுவிட்டார். "புடுங்கச் சொன்னீங்க சார், புடுங்கினோம். கைக்கு ஒண்ணும் குடுக்கலையே" என்றார். அதில் சினம் இல்லை. அதனாலேயே அது எம்மை வருத்துகிறது. அவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினோம்; அரிப்பு தணிந்தது, முற்றிலும் தீரவில்லை. அந்தச் சாலையிலோ, நாம் விதை விழுந்தபின் பிடுங்கியதால், மறு மழையிலேயே செடி மீண்டும் முளைத்திருந்தது. ஓர் ஏழையின் உடல்நலத்தைச் செலவழித்தோம், செடியும் அழியவில்லை.

ஆகவே படவேட்டில் அத்தவறு நிகழலாகாது. நாம் வேண்டுவன இவை.

முதலாவது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகத்துணியும் வந்து சேராமல் ஒரு செடியும் பிடுங்கப்படமாட்டாது. அவை வரும்வரை பணியைத் தொடங்காதிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படி மறுப்போரை எவரும் கடிந்துகொள்ள நாம் விடமாட்டோம்.

இரண்டாவது, தோல் தடிப்போ இழுப்போ உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கூலி போய்விடுமென அஞ்ச வேண்டாம். நிழலில் தண்ணீர் வழங்குதல், நாற்றுப் பண்ணைப் பணி போன்ற வேறு வேலை அவர்களுக்குத் தரப்படும்.

மூன்றாவது, மழைக்குப் பின் மண் ஈரமாயிருக்கும்போது, பூக்கும் முன்னரே வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியை எருக்குழியில் இடலாம். எரித்தல் கூடாது. பயிரில்லாத தரிசில் லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் சமையலுப்பைக் கரைத்துத் தெளித்தால் செடி கருகும். வயலில் இதைச் செய்தால் மண் கெடும். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாது தகரையோ துலுக்கச் சாமந்தியோ விதைத்தால் பார்த்தீனியம் எளிதில் தலையெடுக்காது. செடியின் இலையைத் தின்னும் சிறு மெக்சிகோ வண்டு ஒன்று உண்டு. 1984இல் பெங்களூரில் விஞ்ஞானிகள் விட்டது அது. மழை மாதங்களில் அதைக் கண்டால் கொல்லாதீர்கள். சம்பளமில்லாத பணியாளர் அது.

கடைசியாக ஒன்று. மூச்சுத் திணறிப் பேச முடியாமற்போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், முகமும் நாக்கும் வீங்கினாலும் கஷாயம் வைக்க நேரமில்லை. உடனே 108ஐ அழையுங்கள்.

சாலையின் நீளத்தை அளக்க எம்மிடம் நாடா உண்டு. அச்சாலையைச் செப்பனிட்ட கைகளின் நலத்தை அளக்க, நீங்கள் வாய் திறந்து சொல்வது ஒன்றே வழி. அடுத்த கூட்டத்திற்கு நாட்காட்டியோடு வாருங்கள். இம்முறை 'பணி முடிந்தது' என்று எழுதும் முன், உங்களைக் கேட்டே எழுதுவோம்.