இளவரசி கேட்ட கேள்வி

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மெய்யியல் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் பௌதிகவதீதம் கேட்கப் பொறுமை வேண்டும். ஆகவே சீனன்குடாவில் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. காலையில் கதிரையில் இருந்துகொண்டு, மடியில் கிடக்கும் கையைப் பார்த்து, “நான் சொல்லுறன், அது கேட்குதில்லைப் பிள்ளை” என்பா. இந்தப் பாடசாலையில் அளவையியல் படித்து, பிறகு பல காலம் மெய்யியல் படிப்பித்தவள் நான். அந்த ஒரு வசனத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அதே கேள்வியைக் கேட்ட இன்னொரு பெண்ணின் நினைவு வந்தது.

ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து நமது திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தது 1639இல். நான்கு வருடங்கள் கழித்து, 1643 மே மாதம், அந்த ஒல்லாந்தரின் நாட்டில் ஹேக் நகரிலிருந்து ஒரு கடிதம் போகிறது. எழுதியவர் பொகீமிய இளவரசி எலிசபெத். அரசை இழந்து அந்நிய நாட்டில் அடைக்கலம் புகுந்த குடும்பம். அவருக்கு அப்போது 24 வயது. கடிதம் போனது டேக்கார்ட்டுக்கு.

டேக்கார்ட்டை அறிவுமுதல்வாதத்தின் தந்தை என்று நாம் பாடமாக்கினோம். புலன்கள் ஏமாற்றும், கனவுகூட நனவு போலத் தெரியும், ஆனால் சந்தேகிக்கும் ‘நான்’ இருப்பதைச் சந்தேகிக்க முடியாது. அங்கிருந்து அவர் உலகை இரண்டாகப் பிரித்தார். மனம் சிந்திக்கும், அதற்கு நீள அகலம் இல்லை. உடல் இடத்தை அடைக்கும், அது சிந்திக்காது. சோதனைத்தாளில் இதை எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள்.

எலிசபெத் கேட்டது இவ்வளவுதான்: ஒரு பொருளை அசைக்க அதைத் தொட்டுத் தள்ள வேண்டும், தொடுவதற்கு மேற்பரப்பு வேண்டும், மேற்பரப்பே இல்லாத மனம் கையை எப்படி அசைக்கிறது?

கல்லை அதன் பாரம் தொட்டுத் தள்ளாமலே கீழே இழுப்பதாக நாம் நினைக்கிறோமே, அதுபோல என்றார் டேக்கார்ட். இளவரசி விடவில்லை. உருவமற்ற ஒன்று உடலை அசைக்கிறது என்பதை விட, மனத்துக்கும் பருப்பொருள் தன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்வது தனக்கு இலகு என்று எழுதினார். அடுத்த பதிலில் டேக்கார்ட், மனமும் உடலும் கூடியிருப்பதை அன்றாட வாழ்விலும் பேச்சிலும்தான் உணரலாம், பௌதிகவதீத சிந்தனைக்கு வருடத்தில் சில மணித்தியாலங்களே போதும் என்றார். பகுத்தறிவையே அடித்தளமாக வைத்தவர் சொல்லும் பேச்சா இது? எனக்கு இது தோல்வி என்றே படுகிறது. நேர்மையான தோல்வி.

1645இல் எலிசபெத் காய்ச்சலும் வரட்டு இருமலுமாகக் கிடந்தார். மனத்தைத் திடப்படுத்தும்படி டேக்கார்ட் எழுதினார். குடும்பத்தின் துயரம் தன் உடலைத் தாக்குவதையும், நோய் வந்தால் சிந்திக்கும் ஆற்றலே குன்றிப்போவதையும் இளவரசி ஒளிக்காமல் எழுதினார். உணர்ச்சிகள் பற்றி டேக்கார்ட் 1649இல் வெளியிட்ட நூல் இந்தக் கடிதப் போக்குவரத்தின் பிள்ளை. மூளை நடுவிலுள்ள ஒரு சிறு சுரப்பியில்தான் மனமும் உடலும் சந்திக்கின்றன என்று அதில் சொன்னார். சுரப்பியும் உடல்தானே! கேள்வி இடம் மாறியதே தவிரத் தீரவில்லை.

பின்வந்தவர்கள் அதோடுதான் மல்லுக்கட்டினார்கள். மனமும் உடலும் ஒரே பொருளின் இரு முகம் என்றார் ஸ்பினோசா. ஒன்றையொன்று தொடாமலே ஒரே நேரம் காட்டும் இரண்டு மணிக்கூடுகள் என்றார் லைப்னிட்ஸ்.

நமது மெய்கண்டாரும் 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். ‘என் உடல்’ என்று ஒருவர் சொல்வதால், சொல்பவர் உடலுக்கு வேறானவர் என்பது சிவஞானபோதத்து மூன்றாம் சூத்திரத்தின் நியாயங்களில் ஒன்று. அந்தக்கரணங்களோடு கூடிய உயிரை அமைச்சரோடு கூடிய அரசனுக்கு ஒப்பிடுகிறது நான்காம் சூத்திரம். இதை அம்மாவுக்குச் சொன்னேன். “அரசன் சுகமாத்தான் இருக்கிறார். மந்திரிமாரும் இருக்கினம். கட்டளை கொண்டுபோறவன்தான் வழியில படுத்திட்டான்” என்றா.

எலிசபெத் தன் கடிதங்களை வெளியிட இணங்கவில்லை. 1879இல்தான் அவை அச்சேறின. அதுவரை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக உலகம் வாசித்தது டேக்கார்ட்டின் பதில்களை மட்டும். கேட்டவளின் குரல் இல்லாத பதில்கள்.

போன தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு காலை அம்மாவின் சுட்டுவிரல் சற்று அசைந்தது. மூளையில் புதிய பாதைகள் உண்டாகின்றன என்று டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, “அது சரி தம்பி, அந்தப் பாதையால போகச் சொன்னது ஆர்?” என்றா. டொக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.