நாற்பதின் பின் மாணாக்கனாதல்



படிப்பதற்கு ஒரு பிராயம், உழைப்பதற்கு ஒரு பிராயம் என நம்மவர் வாழ்நாளைக் கூறுபோட்டு வைத்திருக்கின்றனர். முதற் கூறு இருபத்தைந்துடன் முடிந்துவிடும் என்பது அவர்தம் கணக்கு. தலை நரைத்தவன் புத்தகமும் கையுமாக வீதியிற் சென்றால், பிள்ளையின் புத்தகத்தைக் கொண்டு செல்கிறான் என்றே எண்ணுவர். என்னையும் அவ்வாறு எண்ணியவர் பலர். நான் அவர்களைத் திருத்தவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களைப் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய பெரியாராகவே நாம் போற்றுகிறோம். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் அவரும் ஒருவர் என்பதும் பலர் அறிந்ததே. அதற்கப்பால் நடந்தது ஒன்றுண்டு. அதனை நாம் அதிகம் பேசுவதில்லை. 1832 இல் பிறந்த அவர், அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்த காலத்திலேயே சட்டம் பயின்று, 1871 இல் பி. எல். பரீட்சையில் தேறினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்பதை அடுத்திருந்தது. உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். 1887 இல் புதுக்கோட்டையில் நீதிபதியானார். கலித்தொகையை அவர் அச்சிட்டு வெளியிட்டதும் அதே 1887 இலேதான். இரண்டாம் தொழிலைத் தொடங்கியவருக்கு வேறொன்றுக்கும் நேரம் இராது என்பார்க்கு இதனை நினைவூட்டலாம்.

நானும் கணக்குக் கிளையில் எழுதுவினைஞனாயிருந்தவன். அவரோடு எனக்குள்ள ஒப்புமை அவ்வளவே. 1980 இல் நம் நாட்டில் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டிராவிடின், என் போன்றவனுக்குச் சட்டக் கல்வி கனவாகவே முடிந்திருக்கும். உத்தியோகத்தை விடாமல், வீட்டிலிருந்து பாடங்களைப் படித்து, வார இறுதியில் வகுப்புக்குச் செல்லலாம் என்ற ஏற்பாடே எனக்குக் கதவைத் திறந்தது. நாற்பத்து மூன்றாம் வயதிற் சேர்ந்தேன். நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் சென்றன. ஒரு பாடத்தில் இருமுறை தவறினேன். அவ்வாண்டு என் மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே மேசை, ஒரே விளக்கு. என் பெறுபேற்றை அவளிடம் சொல்ல நான் இரண்டு நாட்கள் தயங்கினேன்.

ஞாபகசக்தி குன்றிவிடும் என்று பலர் எச்சரித்தனர். குன்றியது மெய்தான். வழக்குகளின் பெயர்கள் காலையில் நின்று மாலையில் ஓடிவிடும். ஆயினும் இளைஞர் நெட்டுருப் பண்ணும் சில பகுதிகளை நான் நெட்டுருப் பண்ண வேண்டியிருக்கவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையை எடுத்துக்கொள்ளுங்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன இருபது வயது மாணவனுக்குப் பரீட்சைச் சொற்கள். தகப்பன் காணியைச் சகோதரரோடு பங்கிட்டு, வேலிக்கு வழக்காடி, சீதன உறுதியிற் கையெழுத்திட்டவனுக்கு அவை வீட்டுச் சமாசாரங்கள்.

ஓரிரவு, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்னும் பகுதியை உரத்துப் படித்துக்கொண்டிருந்தேன். உரத்துப் படித்தாலன்றி என் மனத்திற் பதிவதில்லை. அருகே துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, “அது எனக்குத் தெரியும். நீங்கள் இப்பொழுதுதான் படிக்கிறீர்கள்” என்றாள்.

பல ஆண்டுகளுக்கு முன் தன் தம்பியின் வைத்தியச் செலவுக்காகச் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க அவள் விரும்பினாள். விலை போதாது, பொறுத்துப் பார்ப்போம் என்று நான் கையெழுத்தைப் பல மாதங்கள் தள்ளிப்போட்டேன். அப்பொழுது அது எனக்குக் குடும்பப் பொறுப்பாகத் தோன்றிற்று. புத்தகத்தில் அதே செய்தியை இலக்கமிட்ட பிரிவாகக் கண்டபோதுதான், என் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதையும், அவள் எத்தனை நாள் வாய்திறவாது காத்திருந்தாள் என்பதையும் உணர்ந்தேன். அன்றிரவு மேற்கொண்டு படிக்க என்னால் இயலவில்லை. அந்தப் பரீட்சையில் அப்பகுதியிலிருந்து வினா வரவுமில்லை.

பட்டம் பெற்றதும் தொழில் கைகூடிவிடும் என எண்ணற்க. சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை உண்டு. மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சி உண்டு. எனக்கு வாய்த்த மூத்தவர் என்னிலும் பதினைந்து வயது இளையவர். “அண்ணை, அந்தக் கோவையை ஒருக்கால் எடுத்துத் தாருங்கள்” என்பார். நான் “சேர்” என்று எழுந்து கொடுப்பேன். கந்தோரில் எனக்குக் கீழே பலர் பணியாற்றிய காலமது. சம்பளமற்ற விடுமுறையில் நின்று மற்றவர் கோவையைத் தூக்குவது முதல் வாரத்தில் உடம்பை எரித்தது. மூன்றாம் வாரம் பழகிவிட்டது. நடுவயதிற் படிக்க வருபவர்க்குப் பாடத்தினும் கடினமானது இதுவே என்பது என் அனுபவம்.

இவ்வழியில் இறங்க எண்ணுவோர்க்கு ஒரு சொல். அரசாங்க ஆட்சேர்ப்புகள் பலவற்றுக்கு வயதெல்லை உண்டு. நாற்பதைத் தாண்டியவர் பட்டத்துக்குப் பதியுமுன் வர்த்தமானி அறிவித்தலை வாசித்தல் வேண்டும். பட்டம் கைக்கு வந்தபின் கதவடைபட்டதைக் கண்ட நண்பர் ஒருவரை நான் அறிவேன். என்னைப் பொறுத்தவரை, ஓய்வூதியத்தைக் கைவிடாது ஐம்பத்தைந்து வரை காத்திருந்தேன். அது கோழைத்தனம் என்றார் ஒருவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

சென்ற மாதம் மல்லாகத்திலிருந்து ஒரு முதியவர் காணி வழக்கொன்றுக்காக வந்தார். என் நரைத்த தலையை நெடுநேரம் பார்த்து, “ஐயா முப்பது வருடமாகத் தொழில் செய்கிறீர்களாக்கும்” என்றார். எட்டு மாதம் என்றேன். அவர் எழுந்து போய்விடுவார் என எண்ணினேன். அவரோ சற்று யோசித்து, “அப்படியென்றால் காசு குறைவாகத்தானே கேட்பீர்கள்?” என்றவாறே உறுதிக் கட்டை அவிழ்த்து மேசையில் வைத்தார்.