பாலைக் காய்ச்சினால் சத்து போய்விடுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்மில் பலபேர் குழுக் கடனில் கறவை மாடு வாங்கி, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊத்துறோம். ஆனால் வீட்டில், "காய்ச்சினா சத்து போயிடும், பிள்ளைக்குக் கறந்த சூட்டோட பச்சைப் பாலாவே குடு" என்கிறோம். இது சரிதானா?

நாம் ஊத்தின பாலைப் பண்ணையில் 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்து, உடனே குளிர வைக்கிறார்கள். 63 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பதும் உண்டு. இதுதான் பாஸ்டரைசேஷன். பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-களில் திராட்சை மது கெடாமல் இருக்கக் கண்டறிந்த முறை, பிறகு பாலுக்கும் வந்தது.

இதனால் சுண்ணாம்புச் சத்து, கொழுப்பு, பால் சர்க்கரை குறைவதில்லை. புரதச் சத்தும் வீணாவதில்லை. வைட்டமின் பி1, பி12, சி மட்டும் கொஞ்சம் குறையும். பாலில் வைட்டமின் சி முன்னமே குறைவுதான். ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ அதைவிடப் பலமடங்கு தரும்.

பாலில் பாஸ்படேஸ் என்று ஒரு இயற்கை நொதி உண்டு. காசநோய்க் கிருமி சாகும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் அது அழியும். அது அழிந்திருந்தால் கிருமியும் செத்திருக்கும். பண்ணையில் இதை வைத்துத்தான் பாலைச் சோதிக்கிறார்கள்.

பச்சைப் பாலிலோ மாட்டுக் காசநோய்க் கிருமி, கன்று வீசும் நோய்க் கிருமி எல்லாம் இருக்கலாம். மாடு பார்க்க நல்லாத்தான் இருக்கும். மனுஷருக்குக் கன்று வீசும் நோய் தொத்தினால் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, இடுப்பு வலி என்று மாசக்கணக்கில் படுத்திவிடும். கூலியும் போச்சு, குழுத் தவணையும் நின்னு போச்சு. கொஞ்சம் வைட்டமினுக்காக இது தேவையா?

அதனால் நாம் செய்ய வேண்டியது:

* கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிப்போம். திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம், சத்து குறையும்.
* காய்ச்சிய பாலை மூடி வைப்போம். வெயில் பட்டால் பி2 வைட்டமின் வீணாகும்.
* மாடு கன்று வீசினால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாமல், ஆழமாகப் புதைத்து, கால்நடை மருத்துவரிடம் சொல்வோம்.
* 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி போடுவோம்.
* தீராத காய்ச்சல் என்றால், வீட்டில் மாடு இருப்பதை டாக்டரிடம் சொல்வோம்.

இன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லுங்க: பச்சைப் பால் வேண்டாம், காய்ச்சின பாலே போதும்.